மூன்று பிரெஞ்சுச் சொற்களும் ஒரு வேலை விண்ணப்பமும்



108 ஆம்புலன்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி நம் மாவட்டப் பேப்பரில் அடிக்கடி வருகிறது. வந்த மறுநாளே எங்கள் தெருப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் கையில் இரண்டு தாளோடு வந்து நிற்பார்கள். "தாத்தா, இந்த ரெஸ்யூமைக் கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்பார்கள். காரைக்காலில் அரசு அலுவலகத்தில் 35 வருஷம் குமாஸ்தாவாக இருந்து, கட்டுக் கட்டாக விண்ணப்பங்களைப் புரட்டியவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். மகன் வீடு தஞ்சாவூரில் இருப்பதால் இப்போது இங்கேதான் வாசம். அந்தத் தாள்களைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஓடிய சில பழைய விஷயங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல். 'ரெஸ்யுமே' என்பது பிரெஞ்சுச் சொல். ஆனால் பிரான்சில் வேலைக்குப் போகிறவர் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது 'குரிக்குலோம் வித்தே', சுருக்கமாக 'சே வே'. ரெஸ்யுமே என்றால் சுருக்கம், அவ்வளவுதான். காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. கொடி மாறிய பிறகும் பிரெஞ்சு வழிப் பள்ளிக்கூடம் இருந்தது. நான் அதில்தான் படித்தேன். அங்கே ரெஸ்யுமே என்பது ஒரு பயிற்சி. இரண்டு பக்கப் பாடத்தைக் கொடுத்து அதை மூன்றில் ஒரு பங்காகவோ நாலில் ஒரு பங்காகவோ குறைத்து எழுதச் சொல்வார்கள். விதிகள் மூன்று. மூலத்தில் இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது. மூலத்தில் முக்கியமான எதையும் விடக் கூடாது. சொந்த அபிப்பிராயம் சொல்லக் கூடாது. வார்த்தைகளை எண்ணிப் பார்த்து மார்க் போடுவார்கள்.

வேலைக்கு எழுதும் தாளுக்கும் இதே மூன்று விதிகள் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே மூலம் என்பது நம் வாழ்க்கை.

இனி ஆயிரம் வருஷம் பின்னால் போவோம். காஞ்சிபுரத்துப் பக்கம் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல் என்றொரு ஊர். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. நம் தஞ்சைச் சோழர் வம்சம்தான், முதலாம் ராஜேந்திரனின் மகன். அந்தக் கோயிலோடு சேர்ந்து ஒரு பாடசாலையும் 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையும் இருந்தன. ஆதுலர் என்றால் நோயாளி. அந்த ஆஸ்பத்திரியில் யார் யார் வேலை பார்த்தார்கள், அவர்களுக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வைத்தியர் ஒருவர். சல்லியக்கிரியை, அதாவது அறுவை வேலை, பண்ணுகிறவர் ஒருவர். மூலிகை பறித்து வந்து மருந்து காய்ச்ச உதவுகிறவர் இருவர். நோயாளிக்கு மருந்து கொடுத்துப் பணிவிடை செய்யும் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர். தண்ணீர் கொண்டு வருகிறவர் ஒருவர்.

எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் வேலை பார்த்தவன் என்பதால் இதைப் படித்தபோது என் கண்ணில் பட்டது வேறொன்று. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு மட்டும்தான் பெயர் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பெயரே இல்லை, செய்கிற வேலை மட்டும் இருக்கிறது. ராத்திரி நோயாளி முனகினால் எழுந்து போனவர்கள் அந்த இரண்டு பெண்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர்கள் பெயர் கல்லில் ஏறவில்லை. மருத்துவ வரலாற்றில் இது பழைய கதை. படித்த வைத்தியருக்குப் பெயர் உண்டு. தூக்கி வந்தவர், கழுவி விட்டவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எல்லாரும் 'இருவர்', 'ஒருவர்' என்ற எண்ணிக்கையோடு சரி.

பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் 1823இல் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். முழு டாக்டர் அல்லாத, அடுத்த படியில் உள்ள மருத்துவ ஊழியர்களை உருவாக்கிய பள்ளி அது. பிரான்சிலேயே 'ஒஃபிசியே த சாந்தே' என்று அப்படி ஒரு பிரிவு 1803 முதல் 1892 வரை இருந்தது. டாக்டர் போகாத கிராமத்துக்கு அவர்கள் போனார்கள். அந்தப் புதுச்சேரிப் பள்ளிதான் பின்னால் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964 முதல் ஜிப்மர் ஆனது. ஜிப்மரின் கிளை இப்போது காரைக்காலிலும் இருக்கிறது.

இரண்டாவது பிரெஞ்சுச் சொல் ஆம்புலன்ஸ். நடப்பது, நகர்வது என்ற பொருள் கொண்ட லத்தீன் வேரிலிருந்து வந்தது. படையோடு கூடவே நகர்கிற ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெயர் இருந்தது. ஆனால் அது சண்டை நடக்கும் இடத்துக்கு வெகு பின்னால் நிற்கும். சண்டை முடிந்த பிறகுதான் அடிபட்டவனை எடுக்கப் போவார்கள். அதற்குள் பாதிப் பேர் செத்திருப்பார்கள். டொமினிக் ழான் லாரே (1766–1842) என்ற ராணுவ அறுவை மருத்துவர் 1792 வாக்கில் இதைப் பார்த்துப் பொறுக்காமல், பீரங்கிப் படையின் வேகமான குதிரை வண்டிகளைப் போலவே லேசான வண்டிகள் செய்து, சண்டை நடக்கும்போதே போய் ஆளைத் தூக்கி வர ஏற்பாடு செய்தார். 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்று அதற்குப் பெயர். பிற்பாடு நெப்போலியனின் படையில் பெரிய பதவிக்கு வந்தார்.

மூன்றாவது சொல்லும் லாரேயோடு சேர்ந்துதான் பேசப்படும். அது திரியாழ். இங்கிலீஷ்காரர் 'ட்ரையேஜ்' என்கிறார்கள். 'திரியே' என்றால் தரம் பிரிப்பது. ஆட்டு ரோமம், காப்பிக்கொட்டை தரம் பிரிக்கிறவர்கள் சொன்ன சொல் அது. நம் களத்தில் நெல்லைத் தூற்றி, பதரைத் தனியாகவும் மணியைத் தனியாகவும் ஒதுக்குகிறோமே, அந்த வேலைதான். லாரே வைத்த விதி எளிமையானது. யாருக்குக் காயம் ஆபத்தானதோ அவருக்கு முதலில் வைத்தியம். தளபதியா சிப்பாயா என்று பார்க்கக் கூடாது. நம் ஆளா எதிரியா என்றும் பார்க்கக் கூடாது. இன்று தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போனாலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2017 முதல் நடத்திவரும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் இது முறையாக வந்தது.

நம் டெல்டாவுக்கு இந்த வண்டி வரத்தான் காலம் ஆயிற்று. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நாற்று நடும்போது கண்ணாடி விரியன் கடித்தால் கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்துக் கட்டித் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை ஓட வேண்டும். பிரசவ வலி என்றால் கூண்டு வண்டி. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் சுற்றிப் போக வேண்டும். வசதியுள்ளவர் வீட்டு அம்பாசடர் கிடைத்தால் அதிர்ஷ்டம். வண்டி கொடுத்தவருக்கு ஆயுசுக்கும் நன்றி சொன்ன குடும்பங்கள் உண்டு.

பெரிய துயரங்களும் வந்தன. 1992 பிப்ரவரியில் கும்பகோணம் மகாமகக் குளத்தில் நெரிசல். 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு யாகசாலைப் பந்தலில் தீ, 48 பேர் போனார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளிக்கூடத் தீ, 94 குழந்தைகள். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர். எங்கள் காரைக்காலிலும் நூற்றுக்கணக்கானோர். இந்த நாட்களில் எல்லாம் முதலில் கை கொடுத்தவர் யார்? பக்கத்துக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், மீனவர். கையில் சான்றிதழ் எதுவும் இல்லாதவர்கள். அவர்களிடம் மனசும் தெம்பும் இருந்தன. மூச்சு நின்றவருக்கு என்ன செய்வது, முதுகெலும்பு உடைந்தவரை எப்படித் தூக்குவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

ஆந்திராவில் 2005இல் தொடங்கிய 108 சேவை தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பர் 15 அன்று வந்தது. இன்று மாநிலம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர். பிரான்சில் 15க்குப் போன் செய்தால், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் டாக்டரே வண்டியில் வருவார். அங்கே அப்படி முறை. நம்மிடம் வண்டியில் வருகிறவர் அநேகமாக 25 வயதுப் பிள்ளை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை நோயாளிக்கு அந்தப் பிள்ளைதான் எல்லாம். ஆகவே அந்தப் பிள்ளையின் தாளில் இருப்பது உண்மையா என்பது சாதாரண விஷயம் இல்லை.

விளம்பரத்தில் என்ன கேட்கிறார்கள்? உதவியாளருக்கு நர்சிங், லேப் டெக்னீஷியன், பார்மஸி படிப்பு, அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் மாதிரி உயிரியல் பட்டம். முதலில் எழுத்துத் தேர்வு. பிறகு உடற்கூறு, முதலுதவி, அடிப்படை நர்சிங் பற்றி நேர்முகம். கடைசியில் மனிதவளத் துறை நேர்முகம். தேறியவர்களுக்கு 50 நாள் போலப் பயிற்சி. பகல், இரவு என்று 12 மணி நேர ஷிப்ட், மாநிலத்தில் எங்கு போட்டாலும் போக வேண்டும். ஓட்டுநருக்குப் பத்தாம் வகுப்பு, லைசென்ஸ், பேட்ஜ், உயரம் 162.5 சென்டிமீட்டர்.

இதற்கு எழுதும் தாளில் எதை வைப்பது, எதை விடுவது? அண்மையில் விலங்கியல் படித்த ஒரு பெண் வந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் அடித்து வாங்கிய இரண்டு பக்கம். முதல் வரியில் வாழ்க்கை லட்சியம், நாலு வரி இங்கிலீஷில். அப்புறம் அப்பா பெயர், அப்பா தொழில், மதம், சாதி, திருமணம் ஆகவில்லை. பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது. கடைசியில் 'மேற்கண்டவை உண்மை' என்ற உறுதிமொழி. அதற்கு இரண்டு வரி மேலே 'பி.எல்.எஸ். பயிற்சி பெற்றவர்' என்று இருந்தது.

"பி.எல்.எஸ். எங்கேம்மா படிச்சே?" என்றேன்.

"படிக்கல தாத்தா. சென்டர்ல அண்ணன்தான், எல்லாரும் போடுறாங்கன்னு போட்டுட்டாரு."

"சரி, நெஞ்சை அழுத்தறப்ப நிமிஷத்துக்கு எத்தனை தடவை? எத்தனை அழுத்தத்துக்கு எத்தனை மூச்சு?"

அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. நிமிஷத்துக்கு 100 முதல் 120 வரை, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. நேர்முகத்தில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே இதுவாக இருக்கலாம். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். "இது வேலை போற விஷயம் மட்டும் இல்லம்மா. நீ படிச்சிருக்கேன்னு நம்பி ராத்திரி ஒரு மணிக்கு உன்னை ஒருத்தர்கிட்ட அனுப்புவாங்க" என்றேன். தலையாட்டியது.

பிறகு பேச்சுக் கொடுத்தேன். பாட்டிக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருஷம் படுக்கை. தினம் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதியது, இன்சுலின் போட்டது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போட்டது எல்லாம் இந்தப் பெண்தான். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் முதலுதவி வகுப்பு, ரத்ததான முகாம். பக்கத்து வயலில் ஒருவரைப் பாம்பு கடித்தபோது, கடித்த இடத்தைக் கீறவும் இறுக்கிக் கட்டவும் விடாமல், கடித்த நேரத்தைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, ஆளை ஆட்டாமல் வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இதில் ஒரு வரிகூட அந்தத் தாளில் இல்லை.

"ஏம்மா எழுதல?"

"அதெல்லாம் வீட்டு வேலைதானே தாத்தா. சர்டிபிகேட் இல்லையே."

என் சர்வீசில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தேர்வுக் குழுவுக்கு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிப்பது குமாஸ்தா வேலை. பெயர், பிறந்த தேதி, படிப்பு, மார்க், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண் என்று கட்டங்கள் இருக்கும். கட்டத்துக்குள் வராதது கண்ணில் படாது. ஒரு ஆஸ்பத்திரி உதவியாளர் வேலைக்கு வந்த ஒருவர் 'எட்டாவது பாஸ்' என்று மட்டும் எழுதியிருந்தார். தனியார் கிளினிக்கில் பதினோரு வருஷம் கட்டுப் போட்டவர் அவர் என்று வேலை முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கேட்டவர் யாரும் இல்லை, சொல்லலாம் என்று அவருக்கும் தெரியவில்லை.

உலகத்தில் வேறெங்கும் இப்படி நடந்ததா என்றால், நடந்தது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரம். 1967 வரை அங்கே அடிபட்டவரைப் போலீஸ் வேனில்தான் தூக்கிப் போவார்கள். அந்த ஆண்டு ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு கறுப்பர்கள் வாழ்ந்த ஏழைப் பகுதியிலிருந்து வேலையில்லாத இளைஞர்களை எடுத்தது. பலர் பள்ளிப்படிப்பு முடிக்காதவர்கள். சிலர் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள். அவர்கள் தாளில் எழுத எதுவுமே இல்லை. டாக்டர் பீட்டர் சஃபர் அவர்களுக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் பயிற்சி கொடுத்தார். மூச்சும் நெஞ்சு அழுத்தமும் சேர்ந்த முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் அவர். அந்த இளைஞர்கள் அந்த நாட்டின் முதல் பாராமெடிக்குகளில் சிலர் ஆனார்கள். 1975இல் நகராட்சி சொந்தமாக ஆம்புலன்ஸ் துறை தொடங்கியபோது, அத்தனை வருஷ வேலை பின்னுக்குப் போய், பரீட்சையும் விதியும் முன்னுக்கு வந்தன. பலர் வெளியேற வேண்டியதாயிற்று. அவர்கள் பெயரைத் தேடி எடுத்துப் பாராட்ட பல பத்தாண்டுகள் ஆயின. திருமுக்கூடல் கதைதான், வேறு ஊரில்.

நம் நாட்டில் இப்போது நிலைமை மாறுகிறது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அவசர மருத்துவப் பணியையும் தனித் தொழிலாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து, அவசர சிகிச்சைக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. இனிப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். நல்லது. ஆனால் விண்ணப்பம் எழுதுகிற கை அவரவர் கைதான்.

அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து ஒரே பக்கமாகச் சுருக்கினோம். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதைக் கீழே கொடுக்கிறேன்.

1. மேலே பெயர், போன் நம்பர், ஊர். அதற்கு அடுத்து வேலைக்குக் கேட்ட படிப்பு, முடித்த ஆண்டு. பார்க்கிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.

2. பயிற்சி எதுவானாலும் யார் கொடுத்தது, எத்தனை நாள், எந்தத் தேதி. பி.எல்.எஸ். அட்டைக்குப் பெரும்பாலும் 2 வருஷம்தான் ஆயுள். காலாவதி தேதியையும் போட வேண்டும். கண்டக்டர் லைசென்சுக்காக முதலுதவிச் சான்றிதழ் வாங்கியவர்கள் அதையும் எழுதலாம்.

3. செய்த வேலையைச் செய்த அளவுக்கு மட்டும். 'பக்கவாத நோயாளியை வீட்டில் 3 ஆண்டு பராமரித்தது. தினமும் ரத்த அழுத்தம் குறித்தல், இன்சுலின் ஊசி' என்று எழுதினோம். 'நோயாளிப் பராமரிப்பில் நிபுணர்' என்று எழுதவில்லை. பார்த்துக்கொண்டவர் பெயரோ நோய் விவரமோ அடையாளம் தெரிகிற மாதிரி போடக் கூடாது.

4. லைசென்ஸ், நீச்சல், தெரிந்த மொழிகள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் சௌராஷ்டிரம், மராத்தி, உருது பேசும் வயதானவர்கள் உண்டு. பயத்தில் இருப்பவருக்குச் சொந்த பாஷையில் ஒரு வார்த்தை பாதி மருந்து. எந்த வாய்க்கால் பாலத்தில் பெரிய வண்டி போகும், எது போகாது என்று தெரிவதும் தகுதிதான்.

5. இரவு ஷிப்டுக்கும் வெளி மாவட்டத்துக்கும் சம்மதம் என்றால் ஒரு வரி. சம்மதம் இல்லை என்றால் அந்த வரி வேண்டாம், பொய்யும் வேண்டாம்.

விட்டவை: சாதி, மதம், அப்பா தொழில், லட்சிய வாசகம், பாட்டுக் கேட்பது. சாதிச் சான்று கேட்கிற அரசு வேலைக்கு அதற்கென்று தனிக் கட்டம் இருக்கும், அங்கே எழுதிக்கொள்ளலாம். வண்டியில் ஏறுகிறவர் நோயாளியின் சாதியைக் கேட்கக் கூடாது என்பது லாரே காலத்து விதி. ஏற்றுகிறவர் சாதியும் அங்கே தேவையில்லை.

ஒரு எதிர்வாதமும் உண்டு. என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "வீட்டுல பாட்டியைப் பாத்துக்கிட்டதெல்லாம் தகுதின்னா எல்லாரும் எழுதுவாங்களே ஓய், எதை நம்புறது?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் நேர்முகம் இருக்கிறது. உண்மையாகச் செய்தவரிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும். இன்சுலின் எங்கே வைப்பீர்கள், ஊசி போடும் இடத்தை மாற்றினீர்களா என்றால் செய்தவர் யோசிக்காமல் சொல்வார். பொய்ச் சான்றிதழைக் கண்டுபிடிப்பதைவிட இது சுலபம். அவர் பாதிதான் ஒப்புக்கொண்டார்.

கடைசியாக நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் விண்ணப்பம் போடும் காலம் முடிந்துவிட்டது. ஆனால் ஒரு சுருக்கம் எழுதும் கடமை நமக்கும் இருக்கிறது. 108க்குப் போன் செய்யும்போது பதற்றத்தில் முழுக் கதையையும் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். ஊர், தெரு, பக்கத்தில் கோயிலோ பள்ளிக்கூடமோ, என்ன ஆயிற்று, எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா. இவ்வளவு முதலில். அவர்கள் வைக்கும் வரை போனை வைக்கக் கூடாது. என்ன வியாதி, என்ன மாத்திரை, எதற்கு அலர்ஜி, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். நான் ஒட்டி வைத்திருக்கிறேன். மாத்திரை மாறும்போது தாளையும் மாற்றிவிடுகிறேன். வண்டியில் வருகிற பிள்ளைக்குப் படிக்க அரை நிமிஷம்தான் இருக்கும்.